நாலு தவ் தேய்மானம்

ஓய்வு பெற்ற அடுத்த மாதம், கோவையில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடை விலைக்கு ஒரு லேத் வாங்கினேன். இங்கிலாந்தில் செய்தது. மேலெல்லாம் துரு, உள்ளே கெட்டிப்பட்ட கிரீஸ். "ரிட்டயர் ஆனவங்க காசிக்குப் போவாங்க, நீங்க காயலான் கடைக்குப் போறீங்க" என்றாள் மனைவி.

வாங்கிய காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. 1998-ல் எங்கள் தொழிற்சாலைக்கு சிஎன்சி இயந்திரங்கள் வந்தபோது, ஆறு பழைய லேத்துகளை ஸ்கிராப்புக்குத் தள்ளும் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். மூத்த டர்னர் ஒருவர் மட்டும் அறைக்கு வந்து, "பெட்டை ஸ்கிரேப் பண்ணினா இன்னும் பத்து வருசம் ஓடுமுங்க சார்" என்றார். நேரமில்லை என்று அனுப்பிவிட்டேன்.

துருவைத் தேய்த்து, பேரிங் மாற்றி, மோட்டாரும் பூட்டினேன். ஆனால் சேடில் சக்குக்குப் பக்கத்தில் ஆடியது. அங்கே இறுக்கினால் டெயில்ஸ்டாக் பக்கம் போகும்போது சிக்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் அதே டர்னருக்குப் போன் செய்தேன். எழுபத்தைந்தைத் தாண்டியவர், டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

பெட்டின் மேல் நகத்தை ஓட்டினார். "சின்ன வேலையெல்லாம் சக்குகிட்டயே நடக்கும். அதனால அங்கதான் தேயும். நாலு தவ் இருக்குமுங்க" என்றார். டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். நாலேதான். ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாலு தவ் சேர்ந்தால் சுமார் 0.1 மில்லிமீட்டர்.

"தேஞ்ச இடத்துல இரும்பை ரொப்ப முடியாதுங்க. தேயாத இடத்தைத்தான் சுரண்டி இறக்கோணும்."

பழைய அரத்தைத் தீட்டி ஸ்கிரேப்பர் செய்து கொடுத்தார். ஸ்ட்ரெய்ட் எட்ஜில் நீலச் சாயம் பூசி பெட்டின் மேல் தேய்த்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அதைச் சுரண்ட வேண்டும். துடைத்து, மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். ஒரு சுற்றில் ஒரு தவ்வில் சிறு பங்குதான் போகும். அவர் கை நடுங்குவதால் சுரண்டியது நான். எங்கே, எவ்வளவு என்று சொன்னது அவர். ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின.

கடைசி ஞாயிறு, நாலங்குல நீளத்துக்கு ஒரு கம்பியைக் கடைந்து மைக்ரோமீட்டர் வைத்தோம். இரண்டு முனைக்கும் வித்தியாசம் அரை தவ்கூட இல்லை.

அந்த ஆறு லேத்துகளைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. அன்று நானாகவே, "அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது" என்றேன்.

எண்ணெய்த் துணியால் பெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கையெழுத்து நீங்க போட்டீங்க. லாரியில ஏத்துனது நாங்கதானுங்க சார்."

காப்பி குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். அடுத்த ஞாயிறு கிராஸ் ஸ்லைடைப் பார்க்க வருகிறார்.