திருப்பூரில் ஓர் ஊசிப் பரீட்சை!

திருப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஆட்டோக்காரர் கேட்பது, ''காதர்பேட்டைங்களா?'' எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகத்தான் வெளியூர்க்காரன் வருவான் என்று அத்தனை நம்பிக்கை!

நான் போனது வேறு விஷயத்துக்கு. அத்தை மகன் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைஸர். தீபாவளி போனஸ் வந்த சூட்டோடு போன் பண்ணினான். ''மச்சான், டி.ஜே. ஆகப் போறேன். டர்ன்டேபிள் வாங்கணும். வந்து பாத்துச் சொல்லு!''

அந்தப் பணத்தில் பாதி, தங்கச்சியின் நகைச் சீட்டுக்குப் போக வேண்டியது. தப்பான மிஷினை வாங்கினால் அத்தையிடம் உருளப்போவது என் தலை!

கீழே நிட்டிங் யூனிட். மாடியில் அவன் அறை. இரண்டு மிஷின்கள் காத்திருந்தன. இரண்டுமே நண்பர்களிடம் இரவல். ஒன்று பெல்ட்டில் ஓடுவது, விலை மலிவு. இன்னொன்று ஆடியோ-டெக்னிகாவின் எல்.பி.120எக்ஸ். தட்டுக்கு நேர் கீழேயே மோட்டார். பரீட்சை வைக்கத் தெருக்கோடிப் பெரியவர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தான். அந்தக் காலத்தில் மாரியம்மன் நோம்பிக்கெல்லாம் ரேடியோ செட் கட்டியவர். (நம்மூரின் முதல் டி.ஜே.க்கள் இவர்கள்தானே ஸார்!)

''ஊசி குதிக்காம இருக்க எட்டணாக் காசை மேல வெச்சு ஓட்டுனவன் நானு. எங்க கண்ணு, ரெக்கார்டை வெரல்ல நிறுத்து பாக்கலாம்'' என்றார்.

பெல்ட் மிஷின் விரல் பட்டதும் சோர்ந்தது. விட்டதும் பாட்டு தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி 'ஆ...வ்...' என்று இழுத்து, அப்புறம்தான் வேகம் பிடித்தது. வீட்டில் ஈஸிசேரில் சாய்ந்து கேட்க இது போதும். தாளத்துக்குச் சரியாகப் பாட்டை விட வேண்டிய டி.ஜே.க்கு அந்த அரை விநாடியில் மானம் போய்விடும்!

எல்.பி.120எக்ஸில் ரெக்கார்டு நின்றது. அடியில் தட்டு பாட்டுக்குச் சுற்றியது. காரணம், நடுவில் வழுக்கும் துணி. கூடவே வந்த ஃபெல்ட்டை எடுத்துவிட்டு, பயல் கட்டிங் வேஸ்ட்டில் வட்டமாக ஒன்று வெட்டிக் கஞ்சி போட்டு வைத்திருந்தான். சிரிக்காதீர்கள்! எழுபதுகளில் நியூயார்க் பிராங்க்ஸில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷும் ஃபெல்ட் துணிக்குக் கஞ்சி போட்டுத்தான் ரெக்கார்டை வழுக்க விட்டார். அவர் அம்மா தையல்காரர்!

அடுத்தது ஊசியின் பாரம். இதோடு வருகிற ஊசிக்கு 2 கிராம் சரி. துணியின் ஜி.எஸ்.எம். பார்க்கிற எலெக்ட்ரானிக் தராசைக் கொண்டுவந்து நிறுத்தினான். பாரத்தைத் திருகித் திருகி 2.00 வந்ததும் பெரியவர் முகத்தில் பொறாமை. ''எட்டணா எத்தன கிராம்னு அன்னைக்கி யாரு பாத்தா!''

பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை 8, 16 சதவிகிதம் என்று இரண்டு அளவில் இருக்கிறது. இரண்டு பாட்டை ஒட்டவைக்கப் பழகுபவனுக்கு 8 போதும்.

குறை இல்லையா? உண்டு. 1972-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 வம்சத்தைப் பார்த்து வார்த்த சாயல்தான் இதற்கு; மோட்டாரில் அந்தப் பலம் கிடையாது. பரபரவென்று ஸ்க்ராட்ச் பண்ணுகிறவன் சீக்கிரமே அலுத்துக்கொள்வான். அந்த டெக்னிக்ஸ் 2010-ல் நின்று, 2016-ல் திரும்பி வந்தபோது விலை போனஸுக்கு எட்டாத உயரம்!

பயலுக்குத் திடீரென்று ஆசை. பெரியவர் பையில் இருந்த 'அன்னக்கிளி' ரெக்கார்டை எடுத்து ஸ்க்ராட்ச் பண்ணப் போனான். அவர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

''கீழ மிஷின்ல ஒரு ஊசி ஒடைஞ்சா துணி பூரா கோடு விழுகுதில்ல? இதுலயும் அப்படித்தான். எழுவத்தாறுல வந்த படம் கண்ணு. வேணும்னா கேளு, தேய்க்காத!''

ஊசியை மெதுவாக வைத்தார். பாட்டு முடிகிற வரை யாரும் பேசவில்லை. கீழே நிட்டிங் மிஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

என் தீர்ப்பு: எல்.பி.120எக்ஸ் வாங்கலாம், ஆனால் ஒன்றே ஒன்று. ஜோடி சேர்க்க அடுத்த தீபாவளி வரட்டும். பழக, பழைய கடையில் கிடைக்கும் மலிவு ரெக்கார்டு போதும். மீதிப் பணம் சீட்டுக்கு. ரிசப்ஷன் மேடைகளில் இன்றைக்கு லேப்டாப்பும் கன்ட்ரோலரும்தான் ராஜா என்பதையும் சொல்லிவைத்தேன். காதில் வாங்கினானா தெரியவில்லை.

அத்தையிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

''ஏங்கண்ணு, துணி டெஸ்ட் பண்ற மிஷினா அது?'' என்றார்.

''ஆமாங்கத்தை'' என்று சொல்லிவிட்டுக் கோவை பஸ்ஸைப் பிடித்தேன்.