பதின்மூன்று மாத தேசம்

சென்ற சித்திரை மாதம் எங்கள் வீட்டில் ஒரு பெரிய ரகளை. அண்ணன் மகள் ஜப்பானில் இங்கிலீஷ் டீச்சர் உத்தியோகத்துக்கு மனுப் போட்டு, அது கிடைத்த பிறகுதான் விஷயத்தை வெளியே சொன்னாள். அண்ணி இரண்டு வேளை சாப்பிடவில்லை. அண்ணன் யாருடனும் பேசவில்லை. கடைசியில் எல்லோரும் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் இந்தக் 'குற்றத்தை' முதன்முதலில் செய்தவளே அவள்தான்!

1973-ல், 25 வயதில், பாளையங்கோட்டையிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டு, எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவுக்கு இங்கிலீஷ் ஆசிரியையாகப் போனவள் பெரியம்மா. தாத்தா வீட்டை அடகு வைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். கீழே இரண்டு தங்கைகள். ஊரில் கிடைத்த சம்பளத்தில் வட்டிகூடக் கட்ட முடியாது. போனாள். ஐந்து வருஷம் கழித்துத் திரும்பினாள். அதற்குள் வீடு மீண்டுவிட்டது. தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அந்தத் தங்கைகளில் இளையவள்தான் என் அம்மா. பெரியம்மாவுக்குத்தான் கல்யாணம் ஆகவில்லை. 'வயது போய்விட்டது' என்று ஊரே சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டதாம்.

"நீங்கதான் அவளுக்குப் புத்தி சொல்லணும், பெரியம்மா" என்றான் அண்ணன்.

"இப்போ ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுதேன்" என்றாள் பெரியம்மா.

77 வயதில்! தனியாக அனுப்ப முடியுமா? பத்திரிகைக்காரி என்ற ஒரே தகுதியில் துணைக்கு என்னைப் பிடித்துத் தள்ளினார்கள்.

பம்பாயிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகமான ஆகாயப் பிரயாணம். அடிஸ் அபாபாவில் இறங்கி நாலு படி ஏறியதும் எனக்கு மூச்சு வாங்கியது. ஊர் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமது ஊட்டியைவிட உயரம்! நகருக்கு மேலே என்டோட்டோ மலை. அதில் அடர்ந்து நிற்பவை நம் நீலகிரியில் நிற்கும் அதே யூகலிப்டஸ் மரங்கள்தான். மெனலிக் சக்கரவர்த்தி காலத்தில், விறகுப் பஞ்சத்தைப் போக்க ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து நட்டவையாம்.

"வாசனை மட்டும் மாறலை" என்று பெரியம்மா கண்ணை மூடி இழுத்து முகர்ந்தாள்.

மற்றதெல்லாம் மாறிவிட்டது. கண்ணாடி மாளிகைகள், அகலமான சாலைகள், 2015-ல் வந்த நகர ரயிலின் பாலங்கள். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத் தெருவைத் தேடி ஒரு முழுக் காலைப் பொழுதும் சுற்றினோம். கிடைக்கவில்லை. ஆனால், சுற்றிய நேரம் வீணாகவில்லை. பெரியம்மா வாய் ஓயாமல் பேசினாள். இத்தனை வருஷமாக அவள் அடிஸ் அபாபாவைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதே கிடையாது.

அந்தக் காலத்தில் அங்கே ஆரம்பப் பள்ளியில் பாடமெல்லாம் அம்ஹாரிக் பாஷையில். ஏழாம் வகுப்பில் காலை வைத்ததும் சரித்திரம், பூகோளம், விஞ்ஞானம் எல்லாமே இங்கிலீஷ்! நேற்று வரை தாய்மொழியில் படித்த பிள்ளைகள் திடீரென்று என்ன செய்யும்? பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் பெரிய பரீட்சை வேறு, அதுவும் இங்கிலீஷில்தான். உள்ளூரில் ஆசிரியர்கள் போதவில்லை. ஆகவே ஹைலி செலாஸி சக்கரவர்த்தியின் சர்க்கார் நம் நாட்டிலிருந்து ஆசிரியர்களைத் தருவித்தது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஏராளமான பேர் போனார்கள். சிற்றூர்ப் பள்ளிகளில்கூட ஓர் இந்திய வாத்தியார் இருப்பாராம்.

"பாடம் நடத்தப் போனவளுக்கு முதல் நாளே பாடம்!" என்று சிரித்தாள் பெரியம்மா.

'இரண்டு மணிக்கு வாருங்கள்' என்று சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு, புதுப் புடவை கட்டிக்கொண்டு மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் நின்றாள். பிள்ளைகள் எல்லாம் காலையிலேயே வந்து காத்திருந்து அலுத்துப் போயிருந்தார்கள். அந்த ஊரில் பொழுது விடிந்ததிலிருந்து மணி எண்ணுவார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று. எட்டு என்றால் இரண்டு! நினைத்துப் பார்த்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நம் கொள்ளுத் தாத்தாக்களும் சூரியோதயத்திலிருந்துதானே நாழிகை எண்ணினார்கள்?

மணி மட்டுமா? வருஷமும் வேறே. முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதங்கள். மிச்சமுள்ள ஐந்து நாளோ ஆறு நாளோ பதின்மூன்றாவது மாதம். புத்தாண்டு செப்டம்பர் 11. நம் கணக்குக்கு ஏழெட்டு வருஷம் பின்தங்கிய கணக்கு. 1973 ஆகஸ்டில் பெரியம்மா போய் இறங்கியபோது அங்கே 1965! "எனக்கு எட்டு வயசு குறைஞ்ச சந்தோஷம். ஆனா, அந்தப் பதின்மூணாம் மாசத்துக்குச் சம்பளம் உண்டான்னுதான் முதல்லே கேட்டேன்" என்றாள்.

வகுப்பில் இன்னொரு திகில். அவள் ஒரு வாக்கியம் சொல்லி முடித்தால், எதிரே இருக்கும் பிள்ளைகள் 'ஹா!' என்று மூச்சை உள்ளே இழுப்பார்களாம். நாம் திடுக்கிட்டால் இழுப்போமே, அதுபோல. 'என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம்?' என்று ஒரு வாரம் தூக்கமில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் 'ஆமாம்' என்பதற்கு அதுதான் அடையாளம் என்று!

அவளும் மாணவியானாள். அம்ஹாரிக் எழுத்து நம் உயிர்மெய் மாதிரிதான். 33 அடிப்படை எழுத்துக்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவம். 'ஹ, ஹு, ஹி, ஹா' என்று வீட்டுக்காரக் கிழவியிடம் மணலில் எழுதிக் கற்றாளாம். சாப்பாட்டுக்கும் கஷ்டமில்லை. ராகியைவிடச் சின்னதான 'தெஃப்' தானியத்தை அரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, பெரிய மண் தட்டில் ஊற்றி, மூடி போட்டு ஒரே பக்கம் வேகவைக்கும் 'இஞ்செரா' இருக்கிறதே, அது நம் தோசைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. புதனும் வெள்ளியும் அவர்களுக்கு விரத நாள். மாமிசம், முட்டை, பால் எதுவும் கிடையாது. அன்று காரம் போட்ட மைசூர்ப் பருப்பு. கிழவி ஒரு கவளம் உருட்டி, தன் கையாலேயே பெரியம்மாவின் வாயில் ஊட்டுவாளாம். பிரியமானவர்களுக்கு அப்படி ஊட்டுவது அங்கே வழக்கம்.

"வீட்டை விட்டுப் போன பிறகு எனக்கு ஊட்டினது அவ ஒருத்திதான்" என்றாள் பெரியம்மா. அப்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் நான் எதிர்பாராத இடத்துக்கு வண்டியை விடச் சொன்னாள். மெஸ்கெல் சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு காட்சிசாலை. 2010-ல் திறந்தது.

1974-ல், புத்தாண்டுக்கு மறுநாள், சக்கரவர்த்தியை ராணுவத்தார் இறக்கினார்கள். மேல் வகுப்பு மாணவர்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் எழுத்தறிவு கற்பிக்கக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பிறகு வந்தது கொடிய காலம். 1977-லும் 78-லும், எதிர்க்கட்சிக்காரர்கள் என்ற சந்தேகத்தின் பேரில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். 'சிவப்பு பயங்கரம்' என்று அதற்குப் பெயர். அவர்களின் நினைவாலயம்தான் அந்தக் காட்சிசாலை. சுவர் சுவராகப் புகைப்படங்கள். எல்லாம் சின்னஞ்சிறு முகங்கள்.

பெரியம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் இருந்தானாம். கேள்வி கேட்டே அவளைத் திணற அடிப்பவன். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்கக்கூடாத காலம் அது.

"பேரு மறந்து போச்சுட்டி" என்றாள் என் கையைப் பிடித்துக்கொண்டு. "முகம் ஞாபகம் இருக்கு. பேரு வரலை."

முக்கால் மணி நேரம் தேடினோம். அந்த முகம் அங்கே இல்லை. அதற்காகச் சந்தோஷப்படுவதா, வேண்டாமா என்று தெரியாமல் வெளியே வந்தோம்.

பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் காப்பிக் கடை. தரையில் பசும்புல் பரப்பி, சாம்பிராணிப் புகை போட்டு, ஒரு பெண் பச்சைக் காப்பிக் கொட்டையை எங்கள் கண் முன்னாலேயே வறுத்தாள். இடித்து, மண் கூஜாவில் கொதிக்க வைத்து, சிறு கிண்ணங்களில் ஊற்றினாள். மூன்று சுற்றுக் குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லையாம். இரண்டாவது சுற்றின்போது, எதிரே இருந்த நரைத்த தலைப் பெரியவர் பெரியம்மாவின் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல எழுந்து வந்து வணங்கினார்.

"வாட் இஸ் யுவர் குட் நேம், மேடம்?"

பெரியம்மாவின் கையில் கிண்ணம் ஆடியது. எந்த வெள்ளைக்காரனாவது 'உங்கள் நல்ல பெயர் என்ன?' என்று கேட்பானா? அது அசல் நம் நாட்டு இங்கிலீஷ்!

"இதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"என் இந்திய ஆசிரியர்" என்றார் பெரியவர் பெருமையுடன். தெற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் படித்தவராம். கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பரீட்சை முடிவு வருவதற்குள் அந்த ஆசிரியர் ஊருக்குத் திரும்பிவிட்டாராம். "இந்தியாவில் அவரைப் பார்த்தால், நான் பாஸாகிவிட்டேன் என்று தயவு செய்து சொல்லுங்கள்" என்றார்.

நூற்றுநாற்பது கோடி ஜனங்களில் யாரைத் தேடுவது? நான் சிரிக்கப் பார்த்தேன். பெரியம்மா சிரிக்கவில்லை.

"அவசியம் சொல்கிறேன்" என்றாள் இங்கிலீஷில், டீச்சர் குரலில். "அவர் ரொம்பச் சந்தோஷப்படுவார்."

பெரியவர் 'ஹா!' என்று மூச்சை உள்ளே இழுத்தார்.

மூன்றாவது சுற்றையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தோம்.

ஊர் திரும்பியதும் அண்ணன் மகளைக் கூப்பிட்டாள் பெரியம்மா. அண்ணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வா. அம்மாவுக்கு வாரம் தவறாமப் பேசு. முதல் நாளே மணிக்கணக்கை ஒழுங்காக் கேட்டுக்கோ." சற்று நிறுத்தினாள். "ஒரு நோட்டு வாங்கித் தாரேன். உன் வகுப்பிலே இருக்கிற ஒவ்வொரு பிள்ளை பேரையும் அதிலே எழுதி வை. வரும்போது மறக்காமக் கையோட கொண்டு வந்திரணும், என்ன?"