அப்பாவின் ஸ்பீக்கரும் அரைகுறை டிஜேவும்

நண்பனோட ரிசப்ஷனுக்கு நான்தான் டிஜேன்னு வாயை விட்டுட்டேன். வாடகைக்கு எடுக்கக் கஞ்சத்தனம். அப்பா 1982ல வாங்கின மரப்பெட்டி ஸ்பீக்கர் ரெண்டுக்கும் பக்கவாட்டுல ஓட்டை போட்டு கைப்பிடி, முன்னாடி இரும்பு வலை எல்லாம் மாட்டி மண்டபத்துக்குத் தூக்கிட்டுப் போனேன்.

கணக்கு தெரியாமல் இல்லை மக்களே. வீட்டு ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு சுமார் 88 டெசிபல் தரும். மேடை ஸ்பீக்கர் 97. வாட்ஸை இரட்டிப்பாக்கினா 3 டெசிபல்தான் கூடும். ஆக, அந்த 9 டெசிபலுக்கு 8 மடங்கு பவர் வேணும். என் ஆம்ப்ளிஃபயருக்கு ஏது அவ்வளவு தெம்பு? முழுசாத் திருகினேன். சத்தம் பிசிறடிச்சு, மூணாவது குத்துப்பாட்டுல ட்வீட்டர் ரெண்டும் காலி.

அப்பா திட்டவே இல்லை. கைப்பிடியைத் தடவிப் பார்த்துட்டு, "காத்து புகாத பெட்டிடா இது. ஓட்டை போட்டா பேஸ் எப்படி வரும்?"னு மட்டும் கேட்டார்.

பி.இ. படிச்சது நான் :-(