அப்பாவைவிட இளைய ஆவி

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், டவுப்போ ஊரைத் தாண்டியதுமே அந்த இடம் வந்துவிடுகிறது. ‘நிலவின் பள்ளங்கள்’ என்று பெயர். டிக்கெட் வாங்கிக்கொண்டு மரப்பலகைப் பாதையில் நாலடி வைப்பதற்குள் என் மூக்குக்கண்ணாடி வெளுத்துவிட்டது. அவித்த முட்டை நாற்றம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை தரை புகைகிறது. வேறிடங்களில் மரமாக நிற்கும் கானுகாவின் ஒரு வகை, இங்கே வேரை ஆழமாக விடப் பயந்ததுபோலத் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கிறது. கைப்பிடியைத் தொட்டேன், ஈரம். குனிந்து பலகை இடுக்கில் கையைக் காட்டினேன், இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி.

யுகயுகமாக இப்படியே புகைந்துகொண்டிருக்கும் பூமி என்று நினைத்துக்கொண்டேன். தவறு. முன்பு இங்கே ஆவி வந்தது கொஞ்சம்தான். இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் 1950களில் தொடங்கியது. என் அப்பாவைவிட வயதில் சின்னது.

காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. வைராக்கெய் மின்நிலையம், 1958இல் ஓடத் தொடங்கியது. வெந்நீரும் நீராவியும் கலந்து வரும் நிலத்திலிருந்து பெரிய அளவில் மின்சாரம் எடுத்ததில் உலகிலேயே முதல் நிலையம். வெள்ளிநிறக் குழாய்கள் மேட்டிலிருந்து இறங்கி வருகின்றன. சூட்டில் நீண்டால் வெடித்துவிடாதிருக்க ஆங்காங்கே வளைத்து விட்டிருக்கிறார்கள்.

அடியில் இருப்பது 260 டிகிரி வெந்நீர். அவ்வளவு சூட்டிலும் அது கொதிக்காமல் இருந்ததற்கு மேலிருந்த அழுத்தமே காரணம். ஆழ்துளைக் கிணறுகள் போட்டு உறிஞ்ச உறிஞ்ச அந்த அழுத்தம் சுமார் 25 பார் குறைந்தது. குக்கரின் வெயிட்டைத் தூக்கினால் உள்ளே என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. நீர்மட்டம் இறங்கியது, மேல்பகுதி கொதித்தது, கிளம்பிய ஆவி கிடைத்த சந்தில் புகுந்து இங்கே வெளியே வந்தது. சில ஆண்டுகளில் இந்த நிலம் கக்கும் வெப்பம் ஏறத்தாழப் பத்து மடங்கானது.

இன்னொரு பக்கம் இழப்பு. சற்றுத் தள்ளியிருந்த கெய்சர் பள்ளத்தாக்கில் வெந்நீரைப் பீய்ச்சியடித்த ஊற்றுகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஆவிக்குச் சின்ன விரிசல் போதும், நீருக்கோ கீழிருந்து தள்ளும் அழுத்தம் வேண்டும். நீர் தாங்கிப் பிடித்திருந்த மென்மையான களிப்பாறை அமுங்க, ஓரிடத்தில் தரை 15 மீட்டர் வரை இறங்கியது. ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம். அதுவும் சத்தமில்லாமல், சராசரியாக வருடத்துக்கு முழங்கை நீளத்துக்கும் குறைவாக.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு. அழுத்தம் தரைதட்டும்வரை இறங்கவில்லை. ஒரு கட்டத்தில் நின்றது. மேலே அழுத்தம் குறைந்ததால் ஆழத்திலிருந்து புது வெந்நீர் கூடுதலாக ஏறி வந்து ஈடுகட்டியது. நம் ஊர் போர் வற்றுவதுபோல இது வற்றவில்லை. பயன்படுத்திய நீரைப் பல காலம் வைக்காட்டோ ஆற்றில் விட்டார்கள். பிறகுதான் அதில் ஒரு பங்கை நிலத்துக்கே திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அதிலும் ஒரு கண்டம் உண்டு: ஆறிய நீரை உற்பத்திக் கிணற்றுக்குப் பக்கத்தில் விட்டால், அது குறுக்கு வழியில் போய்ச் சூட்டைக் கெடுத்துவிடும். மருமகளை வீட்டுக்கு அழைப்பதுபோல நாளும் இடமும் பார்த்துத்தான் விட வேண்டும்.

மறுநாள் ரோட்டோருவா ஊருக்குப் போனேன். அங்கே வீடுகளையும் விடுதிகளையும் சூடாக்கப் போட்ட கிணறுகளால் ஊற்றுகள் தளர்ந்தன. அங்குள்ள போஹுட்டு ஊற்றைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை மூட 1986இல் அரசு உத்தரவிட்டது. அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு இருந்திருக்கும். அதே ஊரில் 1979இல் அடங்கிப்போன பாப்பாக்குரா ஊற்று, 36 ஆண்டுகள் கழித்து 2015இல் மீண்டும் பீய்ச்சியடித்தது. வைராக்கெயின் கெய்சர் பள்ளத்தாக்கு ஊற்றுகள் திரும்பவில்லை.