நாலு நிமிஷ சந்தோஷம்!

'சட்டம்' என்ற வார்த்தைக்குத் தமிழில் இரண்டு அர்த்தம். அரசாங்கம் போடுவது ஒன்று. படத்துக்குக் கண்ணாடிக் கடைக்காரர் போடுவது இன்னொன்று. மருந்துக் கடையில் இரண்டுமே உண்டு!

1948-ம் வருஷத்து பார்மஸி சட்டம், 42-வது பிரிவு என்ன சொல்கிறது? டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும். சில கடைகளில் நடப்பது என்ன? மருந்தாளுநரின் சான்றிதழ் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆணியில் தொங்கும். அதற்கு மாத வாடகை. படித்த மனுஷர் வேறெங்கோ இன்ஷூரன்ஸுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருப்பார்.

நான் அப்படித் தொங்காத ஜாதி. டி.பார்ம்., இரண்டு வருஷப் படிப்பு, 500 மணி நேரப் பயிற்சி. இருபத்தைந்து வருஷமாகக் கவுண்ட்டரில் நிற்கிறேன். 'நிற்கிறேன்' என்பதை அடிக்கோடு போட்டுப் படிக்கவும். நாற்காலி முதலாளிக்கு மட்டும்தான்!

"வேலை எப்படிப்பா, திருப்தியா?" என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "இந்த முட்டி வலிக்கு என்ன போடலாம்?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். அதனால் பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முன்பு வேலை பார்த்த கடையில் சம்பளம் அதிகம். ஆனால் யாரிடமாவது நின்று பேசினால் போதும்... "வெளக்கம் எதுக்குய்யா? எடுத்துக் குடு, பில்லைப் போடு. பின்னால ஆள் நிக்குது பாரு!" என்பார் முதலாளி. ராத்திரி படுத்தால், சில்லறைக்குப் பதில் இருமல் மிட்டாய் கொடுத்தது மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும்.

இப்போதைய கடை சின்னது. சம்பளமும் சின்னது. முதலாளி சேர்க்கும்போதே சொன்னார்: "நீங்க படிச்சவர். நாலு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க."

போன மாசம் ஒரு பாட்டி. மூட்டு வாதத்துக்கு மீத்தோட்ரெக்ஸேட் எழுதிய சீட்டு. எத்தனை நாளைக்கு ஒன்று என்பது டாக்டர் கையெழுத்தில் புதைந்து கிடந்தது.

"எப்படிப் போடப் போறீங்கம்மா?"

"தெனம் காலைல, காபி குடிச்சதும். எல்லா மாத்திரையும் அப்படித்தானே?"

எனக்குப் பகீரென்றது. மூட்டு வாதத்துக்கு அதை வாரம் ஒருமுறைதான் போட வேண்டும். தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்து. டாக்டருக்கு போன் போட்டேன். எடுத்தார்! "வாரம் ஒண்ணுதான். நல்லவேளை கேட்டீங்க" என்றார். அட்டையின் மேல் 'செவ்வாய் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

"செவ்வாயா? மறக்கவே மறக்காது. மாரியம்மன் கோயிலுக்குப் போற நாளாச்சே!" என்று கிளம்பினார் பாட்டி.

மொத்தம் நாலு நிமிஷம். அன்று ராத்திரி கால் வலி தெரியவில்லை.

மருந்தை விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015-ல் விதிமுறையே வந்துவிட்டது. விதி வந்துவிட்டது, அந்த நாலு நிமிஷம்தான் பல கடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. படித்ததைப் பயன்படுத்த விடுகிற முதலாளி, போனை எடுக்கிற டாக்டர், பதில் சொல்கிற பாட்டி... இந்த மூன்று பேரும் அமைந்தால் திருப்தி தானாக வரும்.

இதைப் படித்துவிட்டு, 'அப்ப சம்பளம் கூட்ட வேண்டாம் போலிருக்கே' என்று எங்கள் முதலாளி முடிவு கட்டிவிடக் கூடாது.

சார், அதுவும் வேணும் சார்!