தண்ணீருக்கு அடியில் ஒரு பாலைவனம்

பிரிஸ்டல் துறைமுகத்துக்குப் போன அன்று விடாத தூறல். எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் கப்பல் தூரத்தில் தண்ணீரில் மிதப்பதுபோல நின்றது. கிட்டே போனால்தான் குட்டு வெளிப்படுகிறது: கப்பலைச் சுற்றிலும் கண்ணாடித் தளம், அதன்மேல் ஓரிரு அங்குலத் தண்ணீர். பக்கத்துப் படிகளில் இறங்கினால் அந்தக் 'கடலுக்கு' அடியிலேயே போய்விடலாம்.

இறங்கினேன். தலைக்கு மேல் தண்ணீர் நெளிகிறது. எனக்கோ உதடு காய்கிறது! கண்ணாடிக்குக் கீழே ஈரப்பதத்தை 20 சதவீதத்தில் வைத்திருக்கிறார்கள். அரிசோனா பாலைவனத்துக் காற்று மாதிரி. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரங்கள் இரவு பகலாக ஓட, குழாய்கள் வழியே உலர்ந்த காற்று கப்பலின் அடிப்புறத்தில் வீசிக்கொண்டே இருக்கிறது.

காரணம் உப்பு. பொறியாளர் புரூனல் வடிவமைத்த இந்தத் தேனிரும்புக் கப்பல் 1843 ஜூலை 19 அன்று வெள்ளோட்டம் கண்டது. ஆஸ்திரேலியாவுக்கு ஆள் ஏற்றியது, கடைசியில் ஃபாக்லாந்து தீவுகளில் கிடங்காகக் கிடந்தது, 1937இல் அங்கேயே கரையோரம் மூழ்கடிக்கப்பட்டது. பக்கவாட்டு விரிசலில் தீவுக்காரர்கள் தந்த பழைய மெத்தைகளை அடைத்து, மிதவைமேல் ஏற்றி இழுத்துவந்தார்கள். கட்டிய அதே துறைக்குள் அது நுழைந்த நாள் 1970 ஜூலை 19.

அப்புறம்தான் வினை. இரும்பின் நுண்துளைகளில் ஊறிய கடலுப்பு, காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்கவைத்தது. ஓடும் கப்பல் என்றால் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்திவிடலாம். கடல்நீரில் இரும்புக்குப் பதிலாக அவை கரையும். தரையில் நிற்கும் கப்பலுக்கு அது உதவாது. பெயின்ட் அடிக்கலாமே என்றால், அடியில் உப்பு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் பார்த்து நொந்த கதை அது. உப்பை முழுக்க எடுக்க முடியாது; அதற்குக் கிடைக்கும் ஈரத்தை நிறுத்தலாம். 2005இல் கண்ணாடித் தளம் வந்தது அதற்காகத்தான்.

தகடுகளைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக ரிவெட் அடித்த வரிசைகள். சில இடங்களில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, விளிம்பு அப்பளம்போல மெலிந்திருக்கிறது. அதை ஒட்டுப்போட்டு மறைக்காமல் விட்டது எனக்குப் பிடித்தது.

போகிறவர்கள் மேல்தளத்து அறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கீழே இறங்குங்கள். மேலே வந்ததும் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.