ராமய்யா எப்படிச் சிவன் ஆனார்?

பாபநாசம் சிவன் பாபநாசத்தில் பிறந்தவர் அல்லர். பெற்றோர் அவருக்கு வைத்த பெயரும் சிவன் அல்ல. 1890 செப்டம்பரில் போலகம் கிராமத்தில் பிறந்த ராமய்யா அவர். தாம் இயற்றிய கீர்த்தனைகளில் தம்மை ‘ராமதாசன்’ என்று குறித்துக்கொண்டார். உலகம் அவரை எங்கள் ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சிவன் என்றது. பெற்றவர்கள் வைத்தது ஒன்று, தானே வைத்துக்கொண்டது ஒன்று, ஊரார் வைத்தது ஒன்று. இந்த மூன்றில் எது உண்மைப் பெயர்?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது ஓர் அமெரிக்க விசாப் படிவம். என் அக்கா மகன் மேற்படிப்புக்காக அதை நிரப்பிக்கொண்டிருந்தான். அவன் பாஸ்போர்ட்டில் இருப்பது ஒற்றைப் பெயர். அந்தப் படிவத்தின் கணக்கில் ஒற்றைப் பெயர் என்றால் அது குடும்பப் பெயர். சொந்தப் பெயருக்கான கட்டத்தில் ‘எஃப்.என்.யு’ என்று போட வேண்டும். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். பாட்டி காதில் மூன்று முறை சொல்லி வைத்த பெயரைத் தெரியவில்லை என்று எழுதிவிட்டுக் கீழே போனால், வேறு பெயர்கள் உண்டா என்று ஒரு கேள்வி. அதற்கப்புறம், கடந்த ஐந்தாண்டில் சமூக ஊடகங்களில் வைத்திருந்த பயனர் பெயர்கள் என்னென்ன என்று இன்னொரு கேள்வி. 2019 முதல் இதையும் கேட்கிறார்கள்.

“வெச்ச பேரு தெரியாதுன்னுட்டு, நானா வெச்சுக்கிட்ட பேரை மட்டும் கேக்குறாங்க பாருங்க மாமா” என்று சிரித்தான். அவன் வைத்திருந்ததில் ஒன்று பாபநாசத்தை ஒட்டவைத்த பெயர். ஊரையே பெயரில் கொண்ட பெரியவர் எப்படி அதை அடைந்தார் என்று தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இணையத்தில் பாபநாசம் என்று தட்டினால் முதலில் திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம்தான் வருகிறது. அணை, அருவி, 2015இல் வந்த கமல்ஹாசன் படம் எல்லாம் அந்த ஊருக்கே. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, நெல்வயல் சூழ்ந்த எங்கள் பாபநாசத்துக்குத் தனியாகப் பாதை பிடித்துத்தான் வர வேண்டும். ராமய்யாவும் சுற்றிக்கொண்டுதான் வந்தார். ஏழு வயதில் தகப்பனார் போய்விட, தாயார் யோகாம்பாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் சேர்ந்தார். அங்கே சமஸ்கிருதம் படித்த ராமய்யா, நீலகண்ட சிவனின் பக்திப் பாடல்களில் தோய்ந்தார். அடியார் ஒருவரைச் சிவன் என்று அழைப்பது அவருக்கு அங்கேயே பழகியிருக்கும். 1910இல் தாயாரும் மறைந்தபின் கோயில் கோயிலாகப் போய்ப் பாடிக்கொண்டிருந்தார். அண்ணன் ராஜகோபால ஐயர் பாபநாசத்தில் இருந்தார். தம்பி வந்து வந்து தங்கிப்போன வீடு அதுதான்.

பெயர் வைத்த பெருமை பாபநாசத்துக்குக்கூட முழுதாக இல்லை. அது பக்கத்திலுள்ள கணபதி அக்ரகாரத்தைச் சேரும். உடம்பெல்லாம் திருநீறு பூசிக்கொண்டு கோயில் வாசலில் உருகிப் பாடியவரைப் பார்த்து, சிவனே வந்ததுபோல் இருக்கிறதே என்று அந்த ஊரார் சொன்னார்களாம். பாபநாசத்திலிருந்து வந்தவர் பாபநாசம் சிவன் ஆனார். கணபதி அக்ரகாரத்துக்கு நானும் போய் வந்தேன். விநாயகர் சதுர்த்தியன்று அந்த ஊரில் யாரும் வீட்டில் பிள்ளையார் வைத்துக் கும்பிடுவதில்லை. எல்லாப் பூசையும் கோயில் பிள்ளையாருக்கே. சாமியையே ஊர்ப்பொதுவாக வைத்திருப்பவர்கள் ஒரு மனிதரின் பெயரையும் ஊர்ப்பொதுவில் முடிவு செய்ததில் வியப்பில்லை.

திரும்பும்போது பாபநாசம் ராமலிங்க சுவாமி கோயிலுக்குள் நுழைந்தேன். ராமர் பூசித்ததாகத் தலபுராணம் சொல்லும் 108 சிவலிங்கங்கள் அங்கே வரிசை வரிசையாக இருக்கின்றன. ராமனின் பெயரும் சிவனின் வடிவமும் ஒரே சந்நிதியில் இருக்கும் ஊரில், ராமய்யா சிவனாவது யாருக்கும் உறுத்தியிருக்காது. இது சான்று ஆகாது. ஆனாலும் அந்தப் பிராகாரத்தில் நிற்கிறவருக்கு இது தோன்றாமல் போகாது.

அவரே தேர்ந்துகொண்ட ‘ராமதாசன்’ வேறு வகை. பாட்டின் சரணத்தில் இயற்றியவர் பதிக்கும் முத்திரை அது. அச்சு இல்லாத காலத்தில் பாட்டு வாய்வழியே போகும். யார் பாட்டு என்று சொல்ல முத்திரைதான் உண்டு. திருவாரூரில் பிறந்த மூவரையே பாருங்கள். தியாகராஜர் சொந்தப் பெயரையே வைத்தார். முத்துசாமி தீட்சிதர் ‘குருகுக’ என்றார். வேங்கடசுப்பிரமணியம் என்று பெயரிடப்பட்டு, வீட்டில் சியாமா என்று அழைக்கப்பட்ட சாஸ்திரியார் ‘சியாமகிருஷ்ண’ என்று வைத்துக்கொண்டார். முத்துசாமி, குருகுகன் இரண்டும் முருகனே. ராமய்யாவின் ராமன் ராமதாசனிலும் இருக்கிறான். இவர்கள் வைத்துக்கொண்ட பெயர் முகமூடி அன்று. வீட்டுப் பெயரின் ஓர் இழை அதில் ஓடுகிறது.

சினிமாவுக்குப் போனபோது முத்திரைக்கு இடமில்லாமல் போயிற்று. கதாநாயகன் பாடும் காதல் பாட்டில் ராமதாசன் எப்படி வருவார்? அசோக்குமார், சிவகவி, ஹரிதாஸ் என்று அவர் பாட்டெழுதிய படங்களில் பெயர் பாட்டைவிட்டு இறங்கி, டைட்டிலுக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் போனது. 1939இல் வந்த ‘தியாகபூமி’யில் அவர் நடிகராகவே வந்தார். சம்பு சாஸ்திரி வேடம். கதை எழுதியவர் ரா. கிருஷ்ணமூர்த்தி, ஆனால் தமிழ்நாடு அறிந்தது கல்கியை. கதையின் நாயகி சாவித்திரி கணவனால் கைவிடப்பட்டு, பிறகு உமாராணி என்ற பெயரில் செல்வச் சீமாட்டியாகத் திரும்புகிறாள். எழுதியவர், நடித்தவர், கதாநாயகி மூவருமே இரண்டாம் பெயரில் உலவிய படம் அது. படத்தைத் தடை செய்த வெள்ளை அரசுக்கு அதனால் எந்தக் குழப்பமும் வரவில்லை. யார் எதைச் சொல்கிறார்கள் என்பது தெளிவாகவே தெரிந்தது.

பின்னால் வந்த எஸ். ரங்கராஜன் கதையும் இதே தடம். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் எழுதிக்கொண்டிருந்ததால் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று கணினி சொல்லத் தொடங்குமுன்பே தமிழ்ப் பத்திரிகை அதைச் சொல்லிவிட்டது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அவர் ரங்கராஜன், வாசகர்களுக்குச் சுஜாதா. இரண்டு பெயருக்கும் ஒரே ஆள் பொறுப்பேற்றார்.

சரி, சான்றிதழில் இருக்கும் பெயராவது மாறாததா? சிவனின் அண்ணன் ராஜகோபால ஐயரின் மகள்தான் நடிகை வி.என். ஜானகி. அந்த முன்னெழுத்துகளில் அப்பா இல்லை. வைக்கம் என்ற ஊரும் நாராயணி என்ற அம்மாவும் இருக்கிறார்கள். என் அக்கா மகனின் ஒற்றைப் பெயருக்குப் பின்னால் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு இருக்கிறது. சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுத்துவிடச் சொன்ன மாநாடு அது. தமிழ்நாட்டில் பெயரின் வால் உதிர்ந்தது தற்செயலாக அல்ல, ஒரு முடிவாக. அமெரிக்கப் படிவம் குறை என்று காண்பது, இங்கே சிலர் போராடிப் பெற்றது.

உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கினால் ஒழுங்கு வந்துவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. தென்கொரியா 2007இல் பெரிய இணையதளங்களில் எழுதுவோர் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்று சட்டம் போட்டது. 2012இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதை ஒருமனதாக ரத்து செய்தது. சட்டத்துக்குப் புறம்பான பதிவுகள் குறைந்ததற்குச் சான்றில்லை என்பதும் அது சொன்ன காரணங்களில் ஒன்று. 2011இல் நிஜப் பெயர்தான் வேண்டும் என்று கணக்குகளை முடக்கிய கூகுள் பிளஸ், 2014இல் அந்த விதியையே கைவிட்டது. வீட்டுக்கோ மேலதிகாரிக்கோ பயந்து வேறு பெயரில் பேசுகிறவர்களைத்தான் இப்படிப்பட்ட விதிகள் முதலில் வெளியே தள்ளுகின்றன. சொந்தப் பெயரிலேயே கூசாமல் வசைபாடுகிறவர்களுக்கு இவற்றால் ஒரு கஷ்டமும் இல்லை.

இவ்வளவு தேடியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். பெயர் மெய்யா பொய்யா என்பதைப் பிறப்புச் சான்றிதழ் சொல்லாது. அந்தப் பெயரில் செய்ததற்கு யாராவது வந்து கேட்டால், அது நான்தான் என்று சொல்ல ஆள் இருக்க வேண்டும். ராமதாசன் என்று கையெழுத்திட்ட கீர்த்தனைகளைக் கடைசிவரை பாபநாசம் சிவன் தம்முடையவை என்றார். 1971இல் சங்கீத கலாநிதியும் 1972இல் பத்மபூஷணும் அவரை வந்தடைந்தது அந்தப் பாட்டுகளுக்காகத்தான். நாளைக்கே உதறிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருப்பதுதான் பொய்ப் பெயர், அது தாத்தாவின் பெயராகவே இருந்தாலும்.

படிவத்தில் எல்லாப் பெயரையும் எழுதச் சொன்னேன். ஒன்றில் மட்டும் தயங்கினான். “அதுல என்னடா எழுதினே?” என்றேன். ஒருவரைப் பற்றிக் கண்டபடி எழுதியிருந்தானாம். பெயரையும் எழுதச் சொல்லி, அந்த மனிதரிடம் தன் வீட்டுப் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவும் சொன்னேன். படிவத்தை அன்றைக்கே முடித்துவிட்டான். இன்னொன்றுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டான்.